சாக்கடையில் சேரும் விஷ உலோகம் - வாசலிலேயே தடுக்க வேண்டும்!

நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்தம் செய்யக் கோடிக்கணக்கில் பணம் செலவாகிறது. பெரிய பெரிய தொட்டிகள் கட்டுகிறார்கள். மோட்டார்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஒரு பக்கம் கறுப்பாக உள்ளே போகும் தண்ணீர், மறு பக்கம் தெளிவாக வெளியே வருகிறது. பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கிறது. இனி ஆற்றுக்கு ஆபத்து இல்லை என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். ஜனங்களும் நம்புகிறார்கள்.

வீட்டுச் சாக்கடையைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை சரிதான். குளித்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கக்கூஸ் நீர் ஆகியவற்றை இப்படிச் சுத்தம் செய்துவிடலாம். ஆனால், அதே சாக்கடையில் தொழிற்சாலைகளின் உலோக விஷம் கலந்துவிட்டால் கதை வேறு. எத்தனை தொட்டி கட்டினாலும் அந்த விஷம் இடம் மாறுமே தவிர அழியாது.

ஏன் அழியாது? அது எங்கே போகிறது? அதைக் குறைக்க என்ன வழி? நகரத்தில் குடியிருப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கிராமத்தில் இருப்பவர்கள் இன்னும் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நகரம் கழுவி விட்ட விஷம் கடைசியில் போய்ச் சேருவது கிராமத்து வயலில்தான்.

கிருமிகள் செய்யும் வேலை

சாக்கடை நீரைச் சுத்தம் செய்வது மோட்டார் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகளே அந்த வேலையைச் செய்கின்றன. மோட்டார் அவற்றுக்குக் காற்று ஊட்டுகிறது, அவ்வளவுதான்.

1914-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில் ஆர்டன், லாக்கெட் என்ற இரண்டு ரசாயன நிபுணர்கள் இந்த முறையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார்கள். சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். அடியில் தங்கும் சேற்றை மறுபடியும் மறுபடியும் அதிலேயே சேர்க்க வேண்டும். அந்தச் சேற்றில் கிருமிகள் பெருகி, நீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்த்துவிடும். இன்று உலகத்தின் பல நகரங்களில் நடப்பது இந்த வேலைதான்.

கிருமிகள் அழுக்கைத் தின்கின்றன என்றால் என்ன அர்த்தம்? அழுக்கைச் சிதைத்து, காற்றாகவும் தண்ணீராகவும் தங்கள் உடலாகவும் மாற்றிவிடுகின்றன. சோற்றுக் கஞ்சியையும் எண்ணெயையும் மலத்தையும் அப்படிச் சிதைக்க முடியும். ஈயத்தைச் சிதைக்க முடியுமா? பாதரசத்தைச் சிதைக்க முடியுமா? முடியாது. உலோகம் மூலப் பொருள். எந்தக் கிருமியாலும் அதை உடைத்து வேறொன்றாக்க முடியாது.

அப்படியானால் உள்ளே வந்த உலோகம் என்ன ஆகிறது? அதற்கு இரண்டே வழிகள் உண்டு. ஒரு பகுதி, கிருமிகளோடு ஒட்டிக்கொண்டு சேறாக அடியில் தங்குகிறது. இந்தச் சேற்றைக் கசடு என்பார்கள். மற்றொரு பகுதி, சுத்தமான நீர் என்ற பெயரில் வெளியே போகும் தண்ணீரோடு போய்விடுகிறது. குரோமியமும் ஈயமும் பெரும்பாலும் கசடோடு தங்கும். நிக்கல் அவ்வளவாகத் தங்காது. தண்ணீரோடு தப்பி ஓடிவிடும்.

தண்ணீர் ஆற்றுக்கோ வாய்க்காலுக்கோ போகிறது. கசடு உரமாக வயலுக்குப் போகிறது. அல்லது குவியலாகக் கிடந்து மழையில் கரைகிறது. எப்படிப் பார்த்தாலும் உலோகம் மனிதனை விட்டுப் போகவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உலோகம் அளவுக்கு மீறி ஒரே நேரத்தில் வந்துவிட்டால், வேலை செய்யும் கிருமிகளே செத்துப் போகும். அன்றைக்கு வீட்டுச் சாக்கடைகூடச் சுத்தமாகாமல் ஆற்றில் விழும். யாரோ ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தொட்டி அமிலக் கழிவைத் திறந்துவிட்டால் போதும். ஊர்ப் பணத்தில் கட்டிய நிலையம் பல நாட்களுக்கு முடங்கிவிடும்.

எங்கிருந்து வருகிறது?

முலாம் பூசும் பட்டறைகளிலிருந்து குரோமியம், நிக்கல், காட்மியம், செம்பு வருகின்றன. பாட்டரித் தொழிலிலிருந்து ஈயம் வருகிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலிருந்து குரோமியம் வருகிறது. பல் டாக்டர்கள் சொத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளிக் கலவையில் பாதி பாதரசம். அதைச் சுரண்டி எடுக்கும்போது வாய் கொப்பளிக்கும் தொட்டி வழியாக அதுவும் சாக்கடைக்குப் போகிறது.

இவை உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? காட்மியம் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். பத்து இருபது வருஷமானாலும் எளிதில் வெளியேறாது. ஜப்பானில் ஜின்ஸு ஆற்றங்கரையில் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் நெல் வயல்களில் பாய்ந்தது. அந்த அரிசியைச் சாப்பிட்டவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, எலும்பு நொறுங்கும் வியாதி வந்தது. வலி தாங்காமல் அவர்கள் கதறிய சத்தமே வியாதிக்குப் பெயராயிற்று. "இத்தாய் இத்தாய்" என்றால் ஜப்பானிய மொழியில் "வலிக்கிறது, வலிக்கிறது" என்று அர்த்தம். அந்த வியாதிக்குக் காட்மியமே காரணம் என்று ஜப்பான் அரசாங்கம் 1968-ல் ஒப்புக்கொண்டது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதரசம் நரம்பை முடக்கும். குரோமியத்தில் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது அவ்வளவு கொடியது அல்ல. முலாம் பூசப் பயன்படும் வகை புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. ஆனால் முதல் வகையும் சில சமயங்களில் மண்ணிலும் நெருப்பிலும் இரண்டாவது வகையாக மாறிவிடும். ஆகவே எதையும் அலட்சியம் செய்வதற்கில்லை.

கான்பூரில் நடந்தது

இனி ஒரு நகரத்தின் கதையைப் பார்ப்போம். கங்கைக் கரையில் உள்ள கான்பூர், உத்தரப் பிரதேசத்தின் பெரிய தொழில் நகரம். 1857 புரட்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் குதிரைச் சேணமும் பூட்ஸும் செய்வதற்காக அங்கே தோல் தொழில் வளர்ந்தது. நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் ஜாஜ்மாவ் என்ற பகுதி இருக்கிறது. அங்கே வளர்ந்த தோல் தொழிற்சாலைகள் சுமார் 400. பல்லாயிரம் ஏழைக் குடும்பங்கள் அவற்றை நம்பிப் பிழைத்தன.

அவற்றின் கழிவெல்லாம் நேரே கங்கையில் விழுந்துகொண்டிருந்தது. எம்.சி.மேத்தா என்ற வக்கீல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1987 செப்டம்பர் 22-ந் தேதி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. கழிவை முதல் கட்டமாகவாவது சுத்தம் செய்ய ஏற்பாடு இல்லாத தோல் தொழிற்சாலைகள் அக்டோபர் 1-ந் தேதியிலிருந்து இயங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத முதலாளிக்கு எப்படித் தொழில் நடத்த உரிமை இல்லையோ, அப்படியே கழிவைச் சுத்தம் செய்ய முடியாத முதலாளிக்கும் உரிமை இல்லை என்று நீதிபதி வெங்கடராமய்யா சொன்னார். நியாயமான பேச்சு.

இதே காலத்தில் கங்கையைச் சுத்தம் செய்யும் அரசாங்கத் திட்டமும் ஆரம்பமாயிற்று. நெதர்லாந்து தேசத்தின் உதவியுடன் ஜாஜ்மாவில் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டினார்கள். முதலில் தினசரி 50 லட்சம் லிட்டர் சுத்தம் செய்யும் சிறிய நிலையம். பிறகு 1994-ல், தினசரி 3 கோடியே 60 லட்சம் லிட்டருக்குப் பெரிய நிலையம்.

பெரிய நிலையத்தின் கணக்கைக் கவனியுங்கள். தோல் கழிவு 90 லட்சம் லிட்டர். வீட்டுச் சாக்கடை 2 கோடியே 70 லட்சம் லிட்டர். அதாவது ஒரு பங்கு தோல் கழிவோடு மூன்று பங்கு வீட்டுச் சாக்கடையைக் கலந்து சுத்தம் செய்வது. தோல் கழிவு தனியாக வந்தால் கிருமிகளால் தாங்க முடியாது. வீட்டுச் சாக்கடையைக் கலந்தால் காரம் குறையும் என்பது ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் வளாகத்திலேயே குரோமியத்தைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். மிச்சக் கழிவை மட்டுமே பொதுச் சாக்கடையில் விட வேண்டும். நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நடைமுறையில் பல இடங்களில் நடக்கவில்லை. கணக்குப் போட்டதைவிட அதிகமான தோல் கழிவும் வந்தது. அதோடு குரோமியமும் வந்தது.

வயலுக்குப் போன தண்ணீர்

சுத்தம் செய்த தண்ணீரை என்ன செய்தார்கள்? வாய்க்கால் வெட்டி, ஜாஜ்மாவுக்குக் கிழக்கே உள்ள ஷேக்பூர், மோதிப்பூர் முதலிய கிராமங்களின் பாசனத்துக்கு விட்டார்கள். கேட்பதற்கு நல்ல யோசனைதான். சாக்கடை நீரில் தழைச்சத்து உண்டு. ஆறும் தப்பும், பயிரும் விளையும். முன்பு வெறும் வீட்டுச் சாக்கடை வந்த காலத்தில் விவசாயிகள் அதை விரும்பியே வாங்கினார்கள்.

தோல் கழிவு கலந்த பிறகு நிலைமை மாறிற்று. தண்ணீரில் உப்பு ஏறியது. மண்ணில் குரோமியம் சேர்ந்தது. ஆராய்ச்சியாளர்கள் போய்ப் பார்த்தபோது, மண்ணில் மட்டும் அல்ல, நிலத்தடி நீரிலும் காய்கறிகளிலும் மாட்டுப் பாலிலும்கூடக் குரோமியம் இருந்தது. விளைச்சல் குறைகிறது, தோலில் புண் வருகிறது என்று கிராமத்தார் முறையிட்டார்கள்.

இந்த விவசாயி செய்த குற்றம் என்ன? அவர் தோல் தொழிற்சாலை வைத்திருக்கவில்லை. தோலை விற்று லாபம் சம்பாதிக்கவில்லை. சுத்தமான தண்ணீர் என்று அரசாங்கம் கொடுத்ததை நம்பி வாங்கிப் பாய்ச்சினார். விஷம் கங்கையைவிட்டு விலகியது என்று நகரத்தில் சந்தோஷப்பட்டபோது, அது அவருடைய வயலுக்குக் குடி வந்திருந்தது.

நிலையத்தில் தங்கிய கசடு இன்னொரு தலைவலி. குரோமியம் கலந்த கசடை எருவாகப் போடுவது ஆபத்து. நமது நாட்டு உரக் கட்டுப்பாட்டு உத்தரவு, நகரக் குப்பை உரத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஒரு கிலோ உரத்தில் குரோமியம் 50 மில்லிகிராம், ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் - இவற்றைத் தாண்டக் கூடாது. தோல் கழிவு கலந்த கசடு இந்த எல்லைக்குள் அடங்குமா? அடங்காத கசடைப் பாதுகாப்பான குழியில் புதைக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும், பணம் வேண்டும். வீட்டுச் சாக்கடையை மட்டும் தனியாகச் சுத்தம் செய்திருந்தால், அதே கசடு நல்ல எருவாகியிருக்கும். ஒரு பங்கு விஷத்தைக் கலந்ததால் நான்கு பங்கும் கெட்டுப்போயிற்று. ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பிறகு அரசாங்கமே இதை உணர்ந்தது. 2014-ல் தொடங்கிய நமாமி கங்கே திட்டத்தின் கீழ், தோல் கழிவுக்கென்றே தினசரி 2 கோடி லிட்டர் அளவுள்ள தனி நிலையத்தை ஜாஜ்மாவில் கட்டும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். கலப்பது தவறு, பிரிப்பதே சரி என்ற பாடத்தைக் கற்க இத்தனை வருஷம் ஆயிற்று.

குரோமியமும் காசுதான்

குரோமியத்தைத் தொழிற்சாலையிலேயே பிரிப்பது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். தாராளமாக நடக்கும். ஒரு வகையில் பார்த்தால், அது லாபமும்கூட.

தோலைப் பதனிடும்போது குரோமிய உப்பைக் கரைத்து, பெரிய மரப் பீப்பாயில் தோலோடு சேர்த்து உருட்டுகிறார்கள். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் நூற்றுக்கு அறுபது, எழுபது பங்குதான் தோலில் ஏறும். பாக்கி, தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு சரக்கு சாக்கடையில் போவதை எந்த வியாபாரியாவது பார்த்துக்கொண்டிருப்பாரா?

அதைத் திரும்ப எடுக்கும் முறை எளிது. குரோமியம் கலந்த தண்ணீரை மட்டும் மற்றக் கழிவோடு கலக்காமல் தனித் தொட்டியில் பிடிக்க வேண்டும். அதில் மக்னீசியம் ஆக்சைடு என்ற பொடியைப் போட்டால் குரோமியம் திரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் உள்ளதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால், மறுபடியும் பதனிடுவதற்கு ஏற்ற குரோமிய உப்பு கிடைக்கும். வேண்டியது ஒரு தொட்டி, கொஞ்சம் மருந்து, கவனமான ஓர் ஆள்.

இந்த விஷயத்தில் நமது சென்னை பெருமைப்படலாம். அடையாறில் 1948-ல் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், குரோமியக் கழிவைக் குறைக்கும் முறைகளில் பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. பதனிடும்போது தண்ணீரே சேர்க்காமல் குரோமியத்தை ஏற்றும் முறையையும் அது கண்டுபிடித்துத் தந்திருக்கிறது. தண்ணீர் இல்லாவிட்டால், குரோமியம் சுமந்து ஓட வழி ஏது?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களிலும் இதே தொழில் நடப்பதால், கான்பூரின் பாடம் நமக்கும் உரியது. பாலாற்றுப் பகுதித் தோல் கழிவுபற்றி வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தத்துவத்தை நிலைநாட்டிற்று: அசுத்தம் செய்தவனே அதற்கு உரிய செலவையும் நஷ்டஈட்டையும் கொடுக்க வேண்டும். நகரசபைச் சாக்கடைக்கும் இதுவே நீதி.

சிப்பி சொன்ன சாட்சி

வாசலிலேயே தடுத்தால் உண்மையில் பலன் உண்டா? அதற்கு ஒரு நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்கோடியில் பாலோ ஆல்ட்டோ என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்த தண்ணீர் வளைகுடாவில் விழுகிறது. விழும் இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் ஒரு சேற்றுத் திட்டு. அதில் சிறிய சிப்பிகள் வாழ்கின்றன. அமெரிக்க பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவினர் 1974 முதல் அந்தச் சிப்பிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சோதித்து வந்தார்கள்.

1970-களின் கடைசியில் அந்தச் சிப்பிகளின் உடலில் செம்பும் வெள்ளியும் மிக அதிகமாக இருந்தன. சிப்பிகள் இனப்பெருக்கம் செய்ய முடியாமல் தவித்தன. வெள்ளி எங்கிருந்து வந்தது? போட்டோ பிலிம் கழுவும் கடைகளிலிருந்து. அந்தக் காலத்துப் பிலிமில் வெள்ளி உப்பு உண்டு. கழுவும் தண்ணீரில் அது கரைந்து சாக்கடைக்குப் போயிற்று.

அமெரிக்காவில் 1972-ம் வருஷத்துச் சுத்த நீர்ச் சட்டத்துக்குப் பிறகு, நகரசபைச் சாக்கடையில் கழிவு விடும் தொழிற்சாலைகள் முதலில் தங்கள் இடத்திலேயே அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதிகள் வந்தன. பாலோ ஆல்ட்டோ நகரத்தார் நிலையத்தையும் மேம்படுத்தினார்கள், அதோடு நிற்கவில்லை. உலோகம் எந்தெந்த வாசலிலிருந்து வருகிறது என்று தேடிப் போனார்கள். தொழிற்சாலை, போட்டோ கடை, பல் டாக்டர் அறை ஒன்றையும் விடவில்லை. சாக்கடைக் குழாயில் நுழையும் மர வேரைக் கொல்ல வீடுகளில் ஊற்றிய மயில்துத்தத்தால் செம்பு சேர்வதையும் கண்டுபிடித்து, அதைத் தடுக்க ஏற்பாடு செய்தார்கள்.

பலன் என்ன? 1980-களில் சிப்பிகளின் உடலில் செம்பும் வெள்ளியும் படிப்படியாகக் குறைந்தன. அதற்குப் பிறகு சிப்பிகள் மீண்டும் இனம் பெருக்க ஆரம்பித்தன. அந்த வாயில்லாப் பிராணியைவிட நம்பகமான சாட்சி வேறு வேண்டுமா? அதிகாரியின் அறிக்கை பொய் சொல்லலாம். சிப்பி பொய் சொல்லாது.

பல் டாக்டர்களின் பாதரசத்தைப் பிடிக்கும் சாதனத்தை, 2017-ல் அமெரிக்க அரசாங்கம் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கிற்று. சிறு சாதனம்தான், நாற்காலிக்குப் பக்கத்திலேயே பாதரசம் நின்றுவிடுகிறது. அதே பாதரசத்தைக் கோடிக்கணக்கான லிட்டர் சாக்கடையில் கரைத்துவிட்டுப் பிறகு தேடுவது, வைக்கோல்போரில் ஊசியைப் போட்டுவிட்டுத் தேடுவது போலத்தான்.

மூடினால் தீர்ந்ததா?

"அப்படியானால் இந்தத் தொழிற்சாலைகளை எல்லாம் மூடிவிட வேண்டியதுதானே?" என்று கோபத்தில் சொல்பவர்கள் உண்டு. அது சரியான யோசனை அல்ல. 2019-ம் வருஷம் பிரயாக்ராஜில் கும்பமேளா நடந்தபோது, கான்பூர்த் தோல் தொழிற்சாலைகளை மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். முதலாளி எப்படியோ சமாளிப்பார். வேறு ஊரில் சரக்கு எடுத்து வியாபாரத்தைப் பார்ப்பார். தினக்கூலி வாங்கும் தொழிலாளி என்ன செய்வார்? அவர் வீட்டு அடுப்பு அல்லவா அணைகிறது? மேளா முடிந்து தொழிற்சாலை திறந்தவுடன் பழைய கழிவு பழைய வழியில் வந்தால், மூடியதால் என்ன லாபம்?

மறு பக்கம், "கண்டிப்புச் செய்தால் தொழில் நசிந்துவிடும்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்களும் உண்டு. இதையும் ஒப்புக்கொள்ள முடியாது. கழிவைச் சுத்தம் செய்யும் செலவு எங்கும் போய்விடவில்லை. முதலாளி கொடுக்காத அந்தப் பணத்தை விவசாயி நிலமாகக் கொடுக்கிறார். குழந்தைகள் ஆரோக்கியமாகக் கொடுக்கிறார்கள். வரி கட்டும் ஜனங்கள் நகரசபை வழியாகக் கொடுக்கிறார்கள்.

சிறு பட்டறைக்காரர் கஷ்டம் வேறு. இரண்டு அறையில் நான்கு ஆட்களை வைத்து முலாம் பூசுபவரிடம் போய்த் தனிச் சுத்திகரிப்பு நிலையம் கட்டு என்றால், அவர் எங்கே போவார்? அவருக்கு உதவி வேண்டும். பத்துப் பட்டறைக்கு ஒரு பொது மீட்பு நிலையம் அமைக்கலாம். உலோகம் கலந்த தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அங்கே கொடுத்தால் போதும். கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பால் சேகரிக்கும் நாட்டில், இது நடக்காத காரியமா?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உலோகக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் ஒரே குழாயில் போகக் கூடாது. புதிதாகத் தொழிற்பேட்டை அமைக்கும்போதே இரண்டுக்கும் தனித்தனிக் குழாய் போட்டுவிட வேண்டும்.

இரண்டாவதாக, அளக்கும் முறை மாற வேண்டும். பொதுச் சாக்கடையில் விடும் தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் குரோமியம் இருக்கக் கூடாது என்று நமது நாட்டில் விதி இருக்கிறது. நல்லதுதான். ஆனால், கிணற்றுத் தண்ணீரைக் கூடக் கொஞ்சம் இறைத்துக் கலந்தால் லிட்டர் கணக்கு சரியாகிவிடும். விஷத்தின் எடை ஒரு குன்றிமணியும் குறையாது. ஆகவே லிட்டருக்கு எவ்வளவு என்பதோடு, நாள் ஒன்றுக்கு மொத்தம் எத்தனை கிலோ உலோகம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வெளியே வருகிறது என்றும் கணக்கெடுக்க வேண்டும். வாங்கிய குரோமியம் எவ்வளவு, தோலில் ஏறியது எவ்வளவு, மீட்டது எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தைப் பார்த்தாலே திருட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவதாக, நிலையத்தில் உலோகம் அதிகமாக வந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போக வேண்டும். சாக்கடைக் குழாய், மரம்போலக் கிளை கிளையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையின் வாயிலும் மேன்ஹோலைத் திறந்து, தானாக இயங்கும் கருவியால் இரவும் பகலும் தண்ணீர் எடுத்துச் சோதித்துக்கொண்டே போனால், கடைசியில் குற்றவாளியின் வாசலில் போய் நிற்கலாம். பகலில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும் பரிசோதனையால் பயன் இல்லை. இந்த வேலைக்காக எந்தத் தொழிலாளியையும் குழிக்குள் இறக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காவதாக, ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலையமும் தன் கசடில் என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று மாதம் ஒருமுறை சோதித்து, பத்திரிகையிலும் நிலையத்து வாசற்பலகையிலும் வெளியிட வேண்டும். கசடுதான் ஊரின் ரத்தப் பரிசோதனை. ஊரில் யார் என்ன கொட்டினாலும் அதில் தெரிந்துவிடும். சோதிக்காத கசடை எருவாக விவசாயிக்குக் கொடுப்பது பெருந்தவறு.

ஐந்தாவதாக, பாழான வயலுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். மண்ணில் சேர்ந்த குரோமியம் ஒரு மழையில் போய்விடாது. அந்த விவசாயிக்குப் பணமும் நல்ல தண்ணீரும் கொடுப்பது தர்மம் அல்ல, கடன்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று நகரசபைகள் கேட்கும். விஷத்தை உள்ளே விட்ட பிறகு கட்டும் பெரிய தொட்டிக்கும், கசடைப் புதைக்கும் குழிக்கும், கெட்டுப்போன கிணற்றுக்குப் பதிலாகப் போடும் குடிநீர்க் குழாய்க்கும் பணம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்தே வரட்டும். வாசலில் தடுப்பதற்கு ஆகும் செலவு இவை எல்லாவற்றையும்விடக் குறைவு.

சுத்திகரிப்பு நிலையம் ஊருக்கு அவசியம். அதைக் குறை சொல்வது நமது நோக்கம் அல்ல. ஆனால் அதனிடம் முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு, முடிந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவது யாரை ஏமாற்ற? கங்கைக் கரை விவசாயி ஏமாந்தது போதும். ஒவ்வொரு நகரசபையும் தன் சாக்கடையில் உலோகத்தை விடும் வாசல்கள் எவை என்று ஒரு ஜாபிதா எடுக்கட்டும். அந்த ஜாபிதாவை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிடட்டும். வேலை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

அதிகாரிகள் தொடங்குவார்களா?